ஐந்து ஸ்லைடர், ஒரே பயிற்சி

கேள்வி: எஃப்1 மேனேஜர் விளையாட்டில் காரின் செட்டப்பைச் சரிசெய்வதற்குள் பயிற்சி நேரமே முடிந்துவிடுகிறது. சீக்கிரம் பிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு! முன் இறக்கை, பின் இறக்கை, ஆன்டி-ரோல், கேம்பர், டோ-அவுட் என்று ஸ்லைடர்கள் மொத்தம் ஐந்துதான். ஆனால் அவை கூட்டுக் குடும்பம். ஒருவரைச் சீண்டினால் நாலு பேர் முகம் மாறும். பின் இறக்கையின் கோணத்தைக் கூட்டினால் வளைவில் பிடிமானம் ஏறும், நேர்ப்பாதையில் வேகம் இறங்கும். ஆகவே நேர்ப்பாதை மிகுந்த மொன்சாவில் இறக்கையைத் தாழ்த்தியும் வளைவுகள் மிகுந்த மொனாக்கோவில் உயர்த்தியும் தொடங்குங்கள்.

பிறகு ஓட்டுநர் சில சுற்றுகள் ஓடி, பிரேக், டிராக்‌ஷன் பற்றியெல்லாம் வாய் திறக்கும்வரை காரை உள்ளே கூப்பிடாதீர்கள். அதன்பின் ஸ்லைடரைத் துளித்துளியாக நகர்த்துவதுதான் நேரத்தைத் தின்கிறது. சரியான அளவு இருக்கக்கூடிய மிச்ச இடைவெளியின் நடுப்புள்ளிக்கே தாவுங்கள்; ஒவ்வொரு தாவலிலும் தேடும் பரப்பு பாதியாகிவிடும். ஒரு ஓட்டுநருக்கு அமைந்ததை மற்றவருக்கு அப்படியே ஒட்டாமல், தொடக்கமாக மட்டும் வையுங்கள்.

ஸ்பிரின்ட் வாரத்தில் தகுதிச்சுற்றுக்கு முன் கிடைப்பது ஒரே பயிற்சி. அங்கே ஓட்டுநர் தரும் உச்ச மதிப்பீடான 'ஆப்டிமல்' வேட்டை வேண்டாம். அதற்கு அடுத்த 'கிரேட்' வந்தால் தாராளமாகப் போதும்.