விசா சார்

பாஸ்போர்ட் விசாரணைக்காகப் போலீஸ்காரர் குடியிருப்புக்குள் நுழைந்தால், வாட்ச்மேன் அந்தச் செய்தியை முதலில் சொல்வது உங்களிடம் அல்ல, விசா சாரிடம். அன்று சாயங்காலமே லிஃப்ட் வாசலில் அவர் உங்களை மடக்குவார். “என்ன, யு.எஸ்.ஸா?” என்பார். நீங்கள் பதில் சொல்வதற்குள், “ஏஜென்ட் கீஜென்ட்னு போய் காசைத் தொலைக்காதீங்க. நான் இருக்கேன்” என்று சொல்லி முடித்திருப்பார்.

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையனைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. வங்கியிலோ மின்வாரியத்திலோ தொலைபேசித் துறையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒய்2கே சமயத்தில் பிள்ளை அமெரிக்கா போனான். இப்போது மாதிரி கணினியில் நாள் குறித்துக்கொண்டு போகிற சௌகரியமெல்லாம் அன்று இல்லை. ஜெமினி மேம்பாலத்தை ஒட்டியிருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு ராத்திரியே போய் நடைபாதையில் இடம் பிடிக்க வேண்டும். பிள்ளைக்காக இவர் பேப்பரை விரித்து உட்கார்ந்தார். முன்னால் இருந்தவர் கதையையும் பின்னால் இருந்தவர் கதையையும் விடிய விடியக் கேட்டார். எழுந்திருக்கும்போது நிபுணராகிவிட்டார்.

அவருடைய துறை பி1/பி2. சுற்றுலாவுக்கும் உற்றார் உறவினரைப் பார்த்துவிட்டு வருவதற்கும் தருகிற விசா. என் கண்ணில் பட்டவரை நம்மவர்கள் இதை வாங்குவது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. பிள்ளை வீட்டிலோ பெண் வீட்டிலோ தொட்டில் கட்டப்போகிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

எதிர் வீட்டு அம்மாவுக்கு டிஎஸ்-160 படிவத்தை அவர் நிரப்பிக் கொடுத்த அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். அம்மாவுக்கு எழுபது வயது. மகள் டல்லாஸில், ஆறாவது மாசம்.

முதல் சிக்கல் பெயரிலேயே வந்தது. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. அமெரிக்காவுக்கு இனிஷியல் புரியாது. விரித்து எழுதினால் வீட்டுக்காரருக்கு அவர் அப்பா பெயர், அம்மாவுக்கு வீட்டுக்காரர் பெயர், மகளுக்கு மாப்பிள்ளை பெயர். ஆளுக்கொரு சர்நேமை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரே குடும்பம்தான் என்று நிரூபிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால் இன்னும் விசேஷம். இருக்கிற ஒரே பெயரைத் தூக்கி சர்நேமாக்கிவிட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ என்று அச்சடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. “நம்ம சி பிளாக் ஆடிட்டரை அட்லான்டா ஏர்போர்ட்ல ‘மிஸ்டர் ஃப்னூ’ன்னு கூப்பிட்டிருக்கான். அவர் பாட்டுக்கு உக்காந்திருக்கார்” என்றார் விசா சார்.

அடுத்தது, அம்மாவின் அப்பா பிறந்த தேதி.

“தேதியெல்லாம் யாருக்கு சார் தெரியும்? துந்துபி வருஷம், ஆடி மாசம், கேட்டை நட்சத்திரம்னு பாட்டி சொல்லுவாங்க.”

விசா சார் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. “துந்துபின்னா 1922. ஆடி… ஜூலைக் கடைசி, இல்லே ஆகஸ்ட். கேட்டை என்னிக்கு வருதுன்னு பார்த்துட்டா தேதி கிடைச்சுடும். இருங்க” என்று பழைய பஞ்சாங்கம் தேட உள்ளே போனார். ‘தெரியாது’ என்று டிக் அடிக்க அந்தப் படிவத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தொடுவது அவருக்குக் கௌரவக் குறைவு. இருபது நிமிஷம் சும்மா விட்டால் படிவம் தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது. ஆனால் மனுஷர் ஒவ்வொரு பக்கத்தையும் சேமித்திருந்தார். விண்ணப்ப எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார். ஒரே நிமிஷத்தில் படிவம் திரும்பத் திறந்தது.

“குலம், கோத்திரம் மாதிரி எதிலயாவது சேர்ந்தவரான்னு கேக்கறான். ‘நோ’ன்னு போட்டுடலாம்.”

“கோத்திரம் இல்லேன்னா எழுதிக் குடுக்கறது?” அம்மாவுக்கு மனசு வரவில்லை. பேரம் பேசித்தான் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பாதுகாப்புக் கேள்விகள். பயங்கரவாதத்தில் ஈடுபட்டதுண்டா? இனப்படுகொலைக்கு உத்தரவிட்டதுண்டா? சிறுவர்களைப் படையில் சேர்த்ததுண்டா? ஒவ்வொன்றுக்கும் அம்மா “ஐயையோ, இல்லே சார்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இந்த வரிசையில் விபசாரத்தைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. அந்த இடத்தில் விசா சாருக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே தானாக ‘நோ’வை அழுத்திவிட்டு, “கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கினது உண்டா?” என்று அடுத்ததற்குத் தாவினார்.

புகைப்பட விஷயத்திலும் அவர் சுத்தம். இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, 2016 நவம்பரிலிருந்து மூக்குக் கண்ணாடி கூடாது. ஸ்டூடியோக்காரரிடம் தானே போய் நின்று எடுக்க வைப்பார். ஏஜென்ட்டுகள் ஆயிரக்கணக்கில் கறக்கிற இந்த வேலையை ஒரு டம்ளர் காபிக்குச் செய்து கொடுக்கிற மனுஷரை நான் குறை சொல்ல மாட்டேன். வேடிக்கை என்னவென்றால், இதில் அவருக்குப் பெருமையே கிடையாது. இதெல்லாம் குமாஸ்தா வேலையாம். தன்னுடைய மேதாவிலாசம் முழுவதும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரியின் மனசைப் படிப்பதில்தான் என்று அவர் நம்புகிறார்.

இதற்குப் பின்னணி ஒரு சட்டம். அமெரிக்காவின் 1952-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. வந்து நிற்கிறவர் அங்கேயே தங்கிவிடத்தான் போகிறார் என்று அதிகாரி எடுத்த எடுப்பிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லை, திரும்பி வந்துவிடுவேன் என்று நம்பவைப்பது விண்ணப்பித்தவர் பாடு. அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷம். விசா கிடைக்கவில்லை என்றால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஏன் என்று விலாவாரியாகச் சொல்ல மாட்டார்கள்.

அங்கேதான் விசா சாரின் ஜோசியம் ஆரம்பிக்கிறது. கவுன்ட்டர்கள் அவருக்குக் கட்டங்கள், அதிகாரிகள் கிரகங்கள். “ஏழாம் நம்பர் ஆகாது. பொன்னிற முடிக்காரி இருந்தா எட்டும் ஆகாது. தாடி வெச்ச பையன் பதினொண்ணுல இருந்தா யோகம்.” எந்தக் கவுன்ட்டருக்குப் போகச் சொல்கிறார்களோ அங்கேதானே சார் போயாக வேண்டும், நாமா தேர்ந்தெடுக்கிறோம் என்று கேட்டேன். “மனசைத் தயார் பண்ணிக்கலாமில்ல?” என்றார்.

அம்மாவுக்கு அவர் தயார் செய்த ஃபைல் அரைச் சாண் கனம். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, வைப்பு நிதி ரசீதுகள், ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட சொத்து மதிப்புச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், மகளின் கல்யாண ஆல்பத்திலிருந்து தாலி கட்டுகிற படம். அது மேளக்காரரின் முதுகு மறைக்காத பிரதியாக இருக்க வேண்டும்.

பிறகு ஒத்திகை. சமையலறை ஜன்னல் கம்பிக்கு உள்ளே விசா சார், வெளியே பால்கனியில் அம்மா. சார் மூக்கால் இங்கிலீஷ் பேசினார்.

“ஒய் ஆர் யூ கோயிங்?”

“பொண்ணுக்கு…”

“தப்பு! பிரசவம், டெலிவரி, பேபி, எதுவும் வாயில வரக்கூடாது. நயாகரா! நயாகரா பாக்கப் போறேன்னு சொல்லுங்க.”

டல்லாஸிலிருந்து நயாகரா சுமார் 2,000 கிலோமீட்டர், சென்னைக்கும் டில்லிக்கும் உள்ள தூரம். ஆனாலும் அவரிடம் பயின்றவர்கள் அத்தனை பேரும் நயாகராவுக்குத்தான் போகிறார்கள். விசாவுக்காகப் பொய் சொல்லி அகப்பட்டால் ஆயுசுக்கும் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாமல் போகலாம். இந்தப் பாடத்தை மட்டும் அவர் நடத்துவதில்லை.

நேர்காணல் நாளும் வந்தது. சென்னையில் தமிழிலேயே பேச ஏற்பாடு உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “எதுக்குப் போறீங்கம்மா?” என்று தமிழ் வந்ததும் அம்மாவுக்கு நயாகரா வற்றிவிட்டது. “பொண்ணுக்குப் பிரசவம். தலைப்பிள்ளை” என்றார். எப்போது திரும்புவீர்கள் என்று அடுத்த கேள்வி. “நாலு மாசத்துல வந்துடுவேன். வராம? வீட்டுக்காரருக்கு வெந்நீர் கூட வெச்சுக்கத் தெரியாதே.” பாஸ்போர்ட்டை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். விசா கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஃபைலின் நாடாவைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை.

அம்மா வந்து இறங்கியதும் விசா சார் கேட்டது ஒன்றே ஒன்று. “எந்தக் கவுன்ட்டர்?”

“பதினொண்ணு சார்.”

“அதானே பார்த்தேன்!”

அவரைத் தோற்கடிக்க முடியாது. கிடைத்தால் அவர் கொடுத்த பயிற்சி. கிடைக்காவிட்டால் நீங்கள் கட்டம் போட்ட சட்டை போட்டுக்கொண்டு போயிருப்பீர்கள். பழவந்தாங்கல் விசா பிள்ளையாரையும் ஹைதராபாத் பக்கத்துச் சில்குர் பாலாஜியையும் நம்பிப் போகிறவர்களைப் பார்த்து, “சூறைத் தேங்காய் உடைச்சா 214(பி) போயிடுமா?” என்று சிரிப்பார். நேர்காணலுக்கு முந்தின நாள், “எதுக்கும் பழவந்தாங்கல் ஒரு நடை போயிட்டு வந்துடுங்க” என்பவரும் அவரேதான்.

மற்ற நாடுகள் மேல் அவருக்கு மரியாதை கம்மி. ஷெங்கன் விசாவா? 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து, சேவை மையத்தில் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வருகிற வேலை. அதில் கவுன்ட்டர் ஜோசியத்துக்கு இடமில்லை. 2023 டிசம்பரில் மலேசியா இந்தியர்களை விசா இல்லாமலே விட ஆரம்பித்தபோது மனுஷர் நிஜமாகவே நொந்துபோனார். “விசா இல்லாம விடறவன்லாம் ஒரு நாடா?” என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரிடமும் பத்து வருஷ விசா இருக்கிறது. பிள்ளை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். போனால் ஒரு மாசம் தாங்க மாட்டார். குளிர், கார் ஓட்டத் தெரியாது, பேச ஆளில்லை என்றெல்லாம் காரணம் சொல்வார். எனக்குத் தெரிந்து காரணம் ஒன்றுதான். அங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே விசா வாங்கி வந்து சேர்ந்தவர்கள். இவரிடம் கேட்க அவர்களுக்கு ஒன்றுமில்லை.

உங்கள் குடியிருப்பிலும் ஒருவர் இருப்பார். படிவத்தை அவரிடமே கொடுங்கள், ஏஜென்ட்டைவிட நன்றாகச் செய்வார். ஸ்டூடியோவுக்கும் அழைத்துப் போங்கள். கட்டணம் 185 டாலர், விசா கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவார். பொன்னிற முடிக்காரியைப் பற்றி ஆரம்பித்ததும் மட்டும் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள். என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள். நேர்காணலுக்குத் தானும் கூட வருவதாகச் சொல்வார். வேண்டாம், உள்ளே விண்ணப்பித்தவரை மட்டும்தான் விடுவார்கள். செல்போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அதையும் விட மாட்டார்கள்.