பாத்திரமும் பத்திரமும்

கேள்வி: எனக்கு 1985-ல் கல்யாணம். அப்பா 2010-ல் காலமானார். ஈசிஆர் ஓரம் பூர்வீக நிலம் இருக்கிறது. "சீர் செய்தாச்சு, உனக்கேது பங்கு?" என்கிறார் அண்ணன். சரியா?
- ஒரு வாசகி, மாமல்லபுரம்

பதில்: சவுக்குத் தோப்பாக இருந்தவரை பாசம் பேசியிருப்பார், மனை விலை ஏறியதும் சட்டம் பேசுகிறார். அதுவும் பழைய சட்டம்! 1989-ல் தமிழ்நாடு மகள்களுக்குச் சம பங்கு தந்தபோது, முன்பே மணமானவர்களை விட்டுவிட்டது உண்மைதான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது என்றது. 20.12.2004-க்கு முன்பே பத்திரம் பதிந்து பிரித்தோ விற்றோ இருந்தால் சிக்கல். சீர்ப் பாத்திரம் பாகப் பத்திரம் ஆகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதுவரை, அண்ணன் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.