முக்காலில் தொடங்கிய கடிதம்

ஒரு வீடு, நான்கு பேர், ஒரே கணினி, ஒரே தொலைபேசிக் கம்பி என்று வாழ்ந்த காலம் உங்களுக்கும் இருந்திருக்கும். எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது 1998-இல். இம்பி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி, பாகம் பாகமாக விலை கேட்டுக் கோர்த்து வாங்கிய அதை, அப்பா காரின் பின் இருக்கையில் தலையணைகளுக்கு நடுவே உட்காரவைத்து, கூட்டரசு நெடுஞ்சாலையில் வேகம் எடுக்காமல் ஷா ஆலம் வரைக்கும் ஓட்டி வந்தார். வரவேற்பறையில் சாமி மேடைக்கு எதிரே அதற்கு இடம் ஒதுக்கியாயிற்று. அம்மா பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டார். மாலையில் அந்த உறையை மடித்து வைப்பதே விளக்கேற்றுவது மாதிரி ஒரு வேலையாகிவிட்டது.

இணையக் கணக்கு அப்பா பெயரில் இருந்தது. அதற்கு ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி. யார் யாருக்கு எழுதினாலும் எல்லாம் ஒரே பெட்டியில்தான் வந்து விழும். கணினியோடு வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் நான்கில் ஆளுக்கொரு பெட்டி வைக்க வழியில்லை. அனுப்புகிறவர் பெயரைப் பார்த்துக் கடிதங்களைத் தனித்தனிக் கோப்புறையில் சேர்க்கும்படி விதி எழுதி வைக்கலாம், அவ்வளவுதான். எங்களுக்கு அது போதுமானதாகவே இருந்தது. மணிப்பாலில் மருத்துவம் படிக்கப் போயிருந்த தங்கச்சியின் கடிதம் வந்தால், தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அலுவலகக் கடிதம் படிக்கிற நிறுத்தலான குரலில் அதைப் படிப்பார்; அம்மா சமையலறை வாசலில் ஈரக்கையோடு நிற்பார்; நான் கீழே உட்கார்ந்திருப்பேன். படித்து முடித்ததும் அம்மா, "அந்தக் காய்ச்சல் பத்தி எழுதியிருந்தாளே, அதை மறுபடியும் படிங்க" என்பார். ஒரு கடிதம் எங்கள் வீட்டில் மூன்று முறையாவது படிக்கப்பட்டது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் தங்கச்சி தொலைபேசியில் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, அம்மாவுக்கு மட்டும் ஏதாச்சும் எழுதணும்னா நான் எப்படி எழுதுறது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தபால்காரர் கொண்டுவரும் உறையின் மேல் அம்மா பெயர் இருந்தால் வீட்டில் வேறு யாரும் அதைப் பிரிக்கமாட்டோம். அந்த மரியாதையை இந்தப் பெட்டிக்குள் எப்படிக் கொண்டுவருவது என்ற யோசனை அன்றைக்கே பிடித்துக்கொண்டது. ஒரு கணினிப் பத்திரிகையோடு கொடுத்த குறுவட்டிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஐந்தை ஏற்றினேன். 1999-இல் வந்த அந்தப் பதிப்போடு அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஐந்தும் சேர்ந்து வந்தது. அதன் ஃபைல் பட்டியலில் புதிதாக ஒரு வரி: ஐடென்டிட்டீஸ். அதில் நான்கு பெயர்களைச் சேர்க்க ஓர் இரவு பிடித்தது. அப்பாவுக்குப் பழைய முகவரி. மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு ஹாட்மெயில் கணக்கு. அதை நேராக இழுத்துக் கொண்டுவரும் வசதி அந்தப் பதிப்பில் இருந்தது. விடுமுறைக்கு வரும்போது பயன்படட்டும் என்று தங்கச்சிக்கும் ஒரு பெயர் வைத்தேன். முகவரிப் புத்தகத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பகுதி இருந்தது. கிள்ளான் அத்தை, பிரிக்பீல்ட்ஸ் மாமா என்று உறவுக்காரர்களை அதில் எழுதி வைத்தேன்.

அம்மா ஆங்கிலத்தில் எழுதமாட்டார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவருக்காகவே வந்தது போல, நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இருந்தது. இணைமதி எழுத்துருவை அவுட்லுக் எக்ஸ்பிரஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ரீட், ஃபாண்ட்ஸ் என்று உள்ளே உள்ளே போய்ப் பொருத்த வேண்டும். ஒரு பெயருக்குப் பொருத்தினால் அடுத்த பெயருக்கு வராது, நான்கு பேருக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டும். செய்தேன். அம்மா ஒரு விரலால் தட்டித் தட்டி, தன் முதல் மின்னஞ்சலை ஒரு மணி நேரத்தில் எழுதினார்.

அது மணிப்பாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தமிழாக இல்லை. இணைமதி போன்ற அப்போதைய தமிழ் எழுத்துருக்கள் டிஸ்கி என்ற குறியீட்டு முறையில், ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளும் குறிகளும் உட்காரும் இடங்களில் தமிழைக் குடியேற்றியிருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்தப் பழைய குடியிருப்பாளர்கள்தான் எட்டிப் பார்ப்பார்கள். 'த' இருக்கவேண்டிய இடத்தில் முக்கால் என்ற பின்னக்குறி நிற்கும். 'அ' இருந்த இடத்தில் இடப்பக்கம் திரும்பிய இரட்டைக் கூர்முனை. அம்மா தங்கச்சியை எப்போதும் 'தங்கமே' என்றுதான் கூப்பிடுவார். அதனால் அம்மாவின் கடிதங்கள் எல்லாம் முக்காலில் தொடங்கின. தங்கச்சி இணைமதியை ஒரு நெகிழ்வட்டில் போட்டு வைத்துக்கொண்டு, அங்கே ஒவ்வொரு இணைய மையத்திலும் ஏற்றிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தாள். ஆனால், எழுத்துரு இல்லாதபோதும் முக்காலைப் பார்த்தவுடனே அது அம்மா என்று தெரிந்துவிடும், அதுவே போதுமாக இருக்கும் என்று பின்னால் ஒருநாள் சொன்னாள்.

இரவு ஒன்பது மணி எங்கள் தபால் நேரம். இணைப்பில் இருந்தால் தொலைபேசி அடைபட்டுப் போகும், கட்டணமும் ஏறும் என்பதால், எல்லாரும் இணைப்பில்லாமலே எழுதி அவுட்பாக்ஸில் வைத்துவிடுவோம். ஒன்பது மணிக்கு மோடம் கீச்சிட்டுக் கரகரத்து இணையும். அப்பா பெயரில் அனுப்பிப் பெற்று, ஸ்விட்ச் ஐடென்டிட்டி, அம்மா. மறுபடி ஸ்விட்ச், நான். ஒருவர் பெயரில் இருக்கும்போது மற்றவர் கடிதம் வராது என்பதால் நாற்காலியில் ஆள் மாறி மாறி உட்காருவோம், மற்றவர்கள் சொல்லாமலே நகர்ந்து போவோம். ஹாட்மெயில் அன்றைக்குக் கொடுத்தது 2 எம்பி இடம்தான். நிரம்பிவிடாமல், படித்த கடிதத்தைப் பிடித்து இழுத்து லோக்கல் ஃபோல்டர்ஸில் போட அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கடவுச்சொல் வைக்கட்டுமா என்றும் கேட்டேன். "நம்ம வீட்டுக்குள்ள எதுக்குடா பூட்டு?" என்றார். வைத்திருந்தாலும் பெரிய காவல் இல்லை. கோப்பு வட்டில் திறந்தபடியேதான் கிடக்கும். எங்களுக்கும் அம்மாவின் கடிதங்களுக்கும் நடுவே இருந்தது பட்டியலில் ஒரு பெயர் மட்டும். அந்தப் பெயரை அப்பாவும் அழுத்தியதில்லை, நானும் அழுத்தியதில்லை.

பிறகு எல்லாம் வேகமாக வந்தன. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு யூனிகோட் தமிழ் வந்தது, அகலக்கற்றை வந்தது, 2004-இல் ஜிமெயில் 1 ஜிபி கொடுத்தது. இன்று எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசி. குடும்பத்துக்கு ஒரு புலனக் குழு. அம்மா அனுப்பிய தமிழ் போய்ச் சேருமா என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை, அதற்கு நான் உண்மையாகவே நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அனுப்ப அம்மா இல்லை. என் பிள்ளைகள் எழுதுகிற செய்திகளை மூன்று முறை படிக்க எனக்கு ஆசைதான். அவை ஒரு முறை படிப்பதற்குள் முடிந்துவிடுகின்றன.

அந்தக் கணினியின் வன்வட்டை மட்டும் கழற்றி ஒரு மைலோ டின்னில் வைத்திருந்தேன். போன தீபாவளிக்கு முன் அதை யூஎஸ்பி கம்பியில் மாட்டினேன், சுழன்றது. விண்டோஸ் கோப்புறைக்குள் அப்ளிகேஷன் டேட்டா, அதற்குள் ஐடென்டிட்டீஸ். உள்ளே நான்கு கோப்புறைகள். ஒன்றிலும் பெயர் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அடைப்புக்குறிக்குள் எண்ணும் எழுத்துமாக முப்பத்திரண்டு குறிகள். வீட்டைச் செக்‌ஷன் எண்ணால் அடையாளம் சொல்லும் ஊரில் வளர்ந்தவன்தான், என்றாலும் என் அப்பாவும் அம்மாவும் எந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவதைத் திறந்தபோது முதல் வரியிலேயே முக்கால் நின்றது.

மேலே படிக்கவில்லை. மூடி, அப்படியே ஒரு விரலியில் நகலெடுத்துத் தங்கச்சியிடம் கொடுத்தேன். அது அவளுக்கு வந்த கடிதம்.

உங்கள் வீட்டு ஸ்டோர் அறையில் பழைய கணினி ஏதாவது இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் வன்வட்டைக் கழற்றிப் பாருங்கள். டிபிஎக்ஸ் என்று முடியும் கோப்புகளைத் தேடுங்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் பெயரை நீக்கியிருந்தாலும் அந்தக் கோப்புகள் வட்டிலேயே தங்கியிருக்கும். அவற்றைத் தனித்தனிக் கடிதமாகப் பிரிக்கவும், டிஸ்கி தமிழை யூனிகோடுக்கு மாற்றவும் இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. வன்வட்டு என்றைக்கும் சுழன்றுகொண்டிருக்காது. இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.