அடுத்த வீட்டுச் சண்டைக்கு ஒரு படிப்பு

ஏ தாயி, குடும்பச் சண்டைக்கு வைத்தியம் பாக்க ரெண்டு வருசம் படிக்கியாமே! நம்மூர்ல திண்ணைக்கு நாலு பேரு படிக்காமலே பாக்கான். தீர்த்து வச்சானான்னு மட்டும் கேக்காத. கேட்டான், கேட்டதை ஊருக்குச் சொன்னான், அவ்வளவுதான்.

முதப் பாடம் என்னன்னு கேட்டதுக்கு, ‘குடும்பத்தோட சேர்றது’ன்னு சொன்ன. அமெரிக்காவுல மினுச்சின்னு ஒரு டாக்டரு 1974-ல புத்தகம் போட்டுச் சொன்னாராம்: குடும்பத்தை மாத்தணும்னா முதல்ல அதுக்குள்ள சேரணும். 1979-ல போர்டின்னு ஒருத்தர், வைத்தியம் பாக்கவருக்கும் வந்தவருக்கும் நடுவுல மூணு வேணும்னாராம்: எதுக்கு வந்தோம், என்ன செய்யப்போறோம் இந்த ரெண்டுலயும் ஒத்துப்போகணும், மூணாவதா மனசு ஒட்டணும். ஒத்தை ஆளு வந்தா சரி. நாலு பேரு சேந்து வந்தா? மாமியாளுக்கு நீ தங்கம். மருமவளுக்கு நீ மாமியா கட்சி.

அதனால ஒரு யோசனை சொல்லுதேன். அம்மாக்காரி அழுவா, நீ தலையாட்டு. நல்லா ஆட்டு. அப்பங்காரன் செவத்துக் காலண்டரைப் பாத்துக்கிட்டு இருப்பான், அவன் கிடக்கான். அடுத்த வாரம் அம்மாக்காரி மட்டும் வருவா. அதுக்கடுத்த வாரம் நீ மட்டும் வருவ.

அது வேண்டாம்னா, ஒவ்வொருத்தர் பக்கமும் முறைவச்சு நில்லு. இழுத்துட்டு வந்த பயலைப் பாத்து ‘ஏன் வந்தே’ன்னு கேக்காத, அவன் எங்க வந்தான்? ‘இங்க வந்ததுல உனக்கு இன்னைக்கு என்ன கெட்டுப்போச்சு?’ன்னு கேளு. ‘மேட்ச்’சுன்னு வாயைத் திறந்தான்னா நீ பிழைச்ச.

பயிற்சியில ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால வாத்தியார் உக்காந்து, நீ தடம் மாறினா போன் அடிச்சுச் சொல்லுவாராமே, குடும்பத்துக்காரங்க சம்மதத்தோட. எனக்குக் கல்யாணமான புதுசுல அப்படியொரு ஆளு இருந்திருந்தா, உங்க ஆச்சி எங்கூடப் பேசாத நாளு பாதி குறைஞ்சிருக்கும்.

வீடியோவும் எடுப்பாங்களாம். போட்டுப் பாக்கும்போது உன் அழகையும் உன் பேச்சையும் ரசிக்காத. நீ பேசுதப்போ பேசாம இருந்தவன் மூஞ்சியைப் பாரு. உனக்கு மார்க் போடுதவன் அவன்தான். குடும்பம் கிளம்புமுன்ன ஒவ்வொருத்தர்ட்டயும் ‘இன்னைக்கு நான் உங்க பேச்சைக் கேட்டேனா?’ன்னு கேளு. ‘இல்ல’ன்னு சொன்னா முகத்தைத் தூக்காத, சொல்லாமப் போறவன்தான் திரும்ப வரமாட்டான்.

சர்ட்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டிக்கோ, வேணாங்கல. ஆனா வந்த நாலு பேரும் அடுத்த வாரமும் வந்தாத்தான் நீ படிச்சவ.