பாதரசமும் ஒரு பாட்டும்

கேள்வி: பெரிய கம்பெனிகளுக்குச் சுற்றுச்சூழல் மேல் அக்கறை எப்போது வரும்?
– ஒரு வாசகர், மந்தைவெளி

பதில்: நாலு பேர் பார்க்கும்போது! கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் மூஞ்சிக்கல் காயலான் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர்க்காரர்கள் அம்பலப்படுத்தினார்கள். 2001-இல் ஆலைக்குப் பூட்டு. பிறகு, பாதரசத்தால் உடம்பு கெட்டது என்று தொழிலாளர்கள் கோர்ட்டுக்கு நடந்தார்கள், நடந்தார்கள், நடந்துகொண்டே இருந்தார்கள். 2015-இல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் இதைப் பற்றி ஒரு ராப் பாட்டுப் பாடினார். யூடியூபில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரசம்! ‘மனிதாபிமான அடிப்படையில்’ என்றது கம்பெனி. அந்த மனிதாபிமானம் 15 வருஷம் எந்த மலைவாசஸ்தலத்தில் ஓய்வெடுத்ததோ!

பாட்டு இல்லாவிட்டால் சட்டம் வேண்டும். பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் கடைகள் பிளாஸ்டிக் பையைக் கைவிட்டது பூமித்தாய் மேல் பொங்கிய பாசத்தாலா? 2019 ஜனவரி 1-இல் தமிழக அரசின் தடை வந்தது, சார். பின்னாலேயே அபராதமும். மனசாட்சியுள்ள முதலாளிகளும் இருக்கலாம். அவர்களையும் ஆடிட்டர் ஒரு வார்த்தை கேட்பார். பட்டுப்புடவைக்குப் பத்தாயிரம் எடுத்து வைத்துவிட்டு, ‘பைக்குத் தனியாகக் காசா?’ என்று பில் கவுன்ட்டரில் சண்டை பிடிக்கும் நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.