எட்டு காலம் மனிதர்

செய்தித்தாளைப் பிரித்தால் நாமெல்லாம் படிப்போம். சிலர் ராசிபலனிலிருந்து, சிலர் மரண அறிவிப்பிலிருந்து, கிரிக்கெட் பைத்தியங்கள் கடைசிப் பக்கத்திலிருந்து. பக்கம் போடுகிறவர் மட்டும் படிக்க மாட்டார். கையை முழு நீளத்துக்கு நீட்டிப் பேப்பரைத் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, பெண் பார்க்க வந்த வருங்கால மாமியாரைப் போல மேலும் கீழும் பார்ப்பார். "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டால் பதில் இப்படி வரும்: "லீட் ஆறு காலம். வலது பக்கம் ரெண்டு காலத்துல நகைக்கடை. அடியில ஆங்கர். நடுவுல அந்த பாக்ஸ்தான் கொஞ்சம் அழுத்தமா விழுந்திருச்சு." காலம் என்றால் பத்தி. அந்த ஆறு காலத்தில் ஆட்சி கவிழ்ந்ததா, தங்கம் விலை ஏறியதா என்றெல்லாம் அவரிடம் கேட்கக் கூடாது. அது வேறு டிபார்ட்மென்ட்.

இந்த இனம் மதுரை, திருச்சி, கோவை, நெல்லை என்று அச்சு இயந்திரம் ஓடுகிற ஊர்களில் இரவில் நடமாடும். பகலில் காண்பது அரிது. 2020-ல் கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்கு விரட்டியபோது ஒன்றிரண்டு மலையேறிவிட்டன. அதில் ஒன்று கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் எங்கள் தெருவில் வந்து தங்கியது. மனைவிக்கு இங்கே அரசுப் பள்ளியில் வேலை. மதுரை அலுவலகம் "வீட்லருந்தே போடுங்கண்ணே" என்று சொன்ன வாரமே இரண்டு மானிட்டரையும் கம்பளியில் சுற்றிக்கொண்டு வத்தலக்குண்டு காட் ரோடு ஏறி வந்துவிட்டார். பெயர் வேண்டாமே. அவர் பெயர் அவருடைய பேப்பரிலேயே ஒரு நாளும் வந்ததில்லை.

வந்த புதிதில் தெருவுக்கு ஒரே குழப்பம். ராத்திரி ஒரு மணிக்கு விளக்கு எரிகிறது, காலை பத்து மணிக்கு ஆள் தூங்குகிறார். பால்காரர் துணிந்து கேட்டார்.

"சாருக்கு எங்க வேலை?"

"பேப்பர்லங்க."

"ரிப்போர்ட்டரா?"

"இல்லைங்க."

"எடிட்டருங்களா?"

"இல்லைங்க. பக்கம் போடுறேன்."

பால்காரர் நல்லவர். பாதி புரிந்ததை முழுதாக நிரப்பிக்கொண்டு போய், பேப்பர் போடுகிறவர் குடிவந்திருக்கிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து கேட்டைத் தட்டி, "நேத்து எங்க வீட்டுப் பேப்பர் நனைஞ்சிருந்துச்சு, கொஞ்சம் உள்ள தள்ளிப் போடுங்க தம்பி" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் மறுக்கவில்லை. எப்படியோ, தன் வேலையைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்வது அதுதான் முதல் தடவை.

மலையேறிய பிறகு அவருக்கு வந்த முதல் துன்பம் குளிர் அல்ல, ஊரின் பெயர். 'கொடைக்கானலில்' என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியே இடம் கேட்டு, பதினோரு உருக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. 'ஊட்டியில்' ஐந்தோடு முடிந்துவிடுகிறது. அதே மழை, அதே மலர்க் கண்காட்சி, அதே போக்குவரத்து நெரிசல். ஊட்டிக்கு இரண்டு காலத்தில் அடங்கும் தலைப்பு, கொடைக்கானலுக்கு நான்கு காலம் கேட்கிறது. "நீலகிரிக்காரன் கொடுத்து வச்சவன்" என்று பெருமூச்சு விடுவார். 'கொடை' என்று சுருக்கலாமே என்றேன். சுருக்கிப் பார்த்தாராம். 'கொடையில் அலைமோதிய கூட்டம்' என்று போட்டதற்குத் திருநெல்வேலியிலிருந்து ஒருவர் போன் செய்து, எந்த ஊர் அம்மனுக்குக் கொடை என்று விசாரித்தாராம்.

எழுத்துச் சீர்திருத்தத்தின் மீதும் அவருக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் நடைமுறைப்படுத்தி, எம்.ஜி.ஆர். அரசு 1978-ல் ஆணையிட்டு ஏற்றுக்கொண்ட நல்ல காரியம் அது. அச்சுக் கோப்பவருக்கு வேலை குறைந்தது, பள்ளிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் யானைத் துதிக்கை தூக்கி நிற்கும் அந்தப் பழைய 'லை' ஒரே உருவாக அடங்கிவிடும். இப்போதோ ஐகாரக் கொம்பு முன்னால் வந்து தனி நாற்காலி போட்டு உட்கார்கிறது. "விலை, வேலை, கொலை, மழலை, சாலை, சிலை... தலைப்புல பாதி லைதாங்க. ஒரு லைக்குக் கால் எழுத்து மிச்சம்னாக்கூட வருஷத்துக்கு எத்தனை காலம் மிச்சம்னு கணக்குப் பாருங்க." பார்க்கவில்லை. நமக்கு வேறு வேலை இருக்கிறது.

அவர் மனத்தில் பூஜிக்கிற ஆட்கள் இரண்டு பேர். ஒருவர், 1942-ல் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், டீக்கடையில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் எட்டுகிற மாதிரி பெரிய தலைப்பு, சின்ன வாக்கியம் என்று வழி காட்டியவர். இன்னொருவர் 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, சங்ககாலக் காசுகளில் தேய்ந்த எழுத்தைத் தேடியவர், கணினிக்குத் தமிழ் எழுத்துரு அமைப்பதிலும் உழைத்தவர். "காசு அளவு இடத்துல எழுத்தை அடக்கத் தெரிஞ்சவன் அந்தக் காலத்து அக்கசாலை. அதைப் பார்த்துப் பழகினவருக்குத்தான் நம்ம கஷ்டம் புரியும்" என்பது அவர் வாதம். அவரே வேலைக்குச் சேர்ந்தபோது புரோமைடு தாளைக் கத்தரித்துப் பசை தடவி ஒட்டிய காலம். அன்று வாங்கிய இரும்பு ஸ்கேல் இன்னும் இருக்கிறது. வீட்டுக்காரம்மா அதை வைத்து மைசூர்பாகு துண்டு போடுகிறார். துண்டுகள் ஒரே அளவில் விழும்.

மாலை நாலு மணிக்கு விளம்பரப் பிரிவிலிருந்து டம்மி வரும். எந்தப் பக்கத்தில் எந்த இடம் விற்றுப்போயிற்று என்று காட்டும் கட்டம் அது. விற்காமல் மிஞ்சிய சந்தில்தான் நாடு, உலகம், நீதி, தர்மம் எல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும். டம்மியைத் திறக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று குடும்பம் தெரிந்துகொள்ளும். ஆடித் தள்ளுபடியும் அட்சய திருதியையும் அவருக்குத் திருவிழா. முழுப் பக்க விளம்பரம் ஒன்று விழுந்தால் பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஏலக்காய் டீ கேட்பார். மார்கழி வந்தால் கல்யாணம் இல்லை, நகைக்கடை தூங்கும். எட்டு காலம் அகலம், அரை மீட்டர் உயரம், அவ்வளவும் வெறுமை. நிருபர் அனுப்பியதோ பத்து வரி.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது ஒன்றுதான். பக்கமெல்லாம் முடிந்து, இரவு பத்தரைக்கு விளம்பரப் பிரிவு போன் செய்யும். "அண்ணே, ஒரு கண்ணீர் அஞ்சலி." திடீர் மரணம் என்றால் பரவாயில்லை, யாரும் சொல்லிவிட்டுச் சாவதில்லை. ஆனால் வருவது முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. "ஒரு வருஷமாத் தெரிஞ்ச தேதிங்க இது!" என்று அவர் அலறுவது பக்கத்து வீட்டு நாய்க்கும் பழகிவிட்டது.

ஊர் சுற்றிக் காட்டலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தூண் பாறைக்கு அழைத்துப் போனேன். 400 அடி உயரத்துக்கு மூன்று பாறைகள். வந்தவர்கள் வாய் பிளந்து நிற்கிறார்கள். நம்மவர் ஒரு கண்ணைச் சுருக்கினார். "மூணு காலம். நடுவுல விட்ட இடைவெளி ரெண்டும் ஒரே அளவுல இல்ல." நான் பதில் சொல்வதற்குள் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி மூன்றையும் மூடியது. "பாத்தீங்களா, முழுப் பக்க விளம்பரம் வந்துருச்சு" என்று திரும்பிவிட்டார். வெள்ளி அருவிக்கு மட்டும் அவரிடம் நல்ல மதிப்பு. சிங்கிள் காலத்துக்கென்றே அளவெடுத்து விழுகிறதாம்.

காட்டுமாடு விஷயம் வேறு. ஊருக்குள் புகுந்த காட்டுமாட்டின் படத்தை நிருபர் அடிக்கடி அனுப்புவார். மாடு நீளவாக்கு, இருக்கிற இடம் ஒரே ஒரு காலம். முன்பாதியை வெட்டி வைத்தால் பின்பாதி எங்கே என்று ஆசிரியர் கேட்பார். பின்பாதியை வைப்பது மரியாதை இல்லை. கேமராவை நேராகப் பார்க்கிற மாடாக ஒன்று எடுக்கச் சொல்லி நிருபருக்குத் தகவல் போனது. உடனே பதில் வந்தது: "அண்ணே, அது நேராப் பாத்துச்சுன்னா நான் அங்க நின்னு படம் எடுத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

வீட்டிலும் இதே கதைதான். மகன் பள்ளிக்கு எழுதிய கட்டுரை இரண்டாம் பக்கத்தில் நாலு வரி வழிந்தது. "ஒரு பக்கத்துல முடிடா, வழிஞ்சா அசிங்கமா இருக்கு" என்று காந்தியடிகளின் உப்புச் சத்தியாகிரகத்தை வெட்டிவிட்டார். மதிப்பெண்ணும் வெட்டுப்பட்டது. வீட்டுக்காரம்மா டீச்சர் ஆயிற்றே. அன்றிலிருந்து அப்பா நோட்டுப் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று தடையுத்தரவு. மைத்துனன் கல்யாண ஆல்பத்தில் அழகு பார்க்கிறேன் என்று ஓரத்தில் நின்ற சித்தப்பாவின் பாதியைக் கத்தரித்தது குடும்பத்தில் இன்னும் ஆறாத புண்.

மே மாதம் இன்னொரு சோதனை. மதுரையில் அக்னி நட்சத்திரம் தொடங்கினால், கொடைக்கானலில் சொந்தக்காரன் இருப்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வரும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது ஊரிலேயே மனம் குளிர்ந்தவர் இவர்தான். 2025 கோடையில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று எண்ணிக்கையும் நிர்ணயித்தார்கள். "ஹைகோர்ட்டே டம்மி போட்டுக் குடுத்துருச்சு. இதுக்கு மேல ஒரு வண்டி ஏற முடியாது" என்று பூரித்தார். உறவுக்காரர்கள் விவரமானவர்கள். அரசு பஸ்ஸுக்கு இ-பாஸ் தேவையில்லை என்று படித்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

ஹாலில் எல்லாரையும் படுக்க வைப்பதில்தான் தொழில் நேர்த்தி தெரிய வேண்டும். பெரியப்பா லீட், ஜன்னலோரம் சுவர் முழு நீளத்துக்கும் அவருக்கு. சித்தி குடும்பம் ஆங்கர், அடியில் வாசற்படிப் பக்கம். பிள்ளைகள் ஃபில்லர், எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே. பாய்களுக்கு நடுவே ஒரே அளவு இடைவெளி. "மாப்ள, என்னை ஏன் இங்கிட்டு ஒரு ஓரமாப் போட்டீக?" என்று மாமியார் கேட்டதற்கு, "அத்தை, அது சோலோ பொசிஷன், விளம்பரத்துக்கு அதிக ரேட்" என்று சமாளித்தார். எல்லாரும் போர்த்திக்கொண்டு விளக்கணைத்த நேரம், கேட் சத்தம். சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றுவிட்ட மாமா, இரண்டு பிள்ளைகளோடு. மணி பத்தரை. நம்மவர் மனைவியின் காதில் சொன்னார்: "கண்ணீர் அஞ்சலி வந்துருச்சு."

இத்தனை பாடுபட்டுப் போடுகிற பக்கத்தை அவர் ஊர் பார்ப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் 120 கிலோமீட்டர். வண்டி விடிவதற்குள் மலையேற வேண்டுமென்றால் மலைக்கான பதிப்பைச் சீக்கிரமே மூடியாக வேண்டும். அதை அலுவலகத்தில் வேறொருவர் போடுகிறார். நம்மவர் பின்னிரவு வரை கண்விழித்துப் போடுவது மதுரை நகரப் பதிப்பு. அது கீழேயே அச்சாகி, கீழேயே விற்று, கீழேயே பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். காலையில் மாமியார் பேப்பரை ஆட்டிக் காட்டுவார். "ஏன் மாப்ள, டாஸ் ஜெயிச்சதோட உங்க பேப்பரு படுத்துருச்சே, மேட்சை யாரு ஜெயிச்சா?" அந்தத் தலைப்பை முந்தின இரவுதான் எட்டு காலத்துக்கு 72 பாயின்டில் போட்டிருப்பார். யார் ஜெயித்தார்கள் என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்காது.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. காற்றில் யூகலிப்டஸ் மரம் சாய்ந்து கரண்ட்டும் இன்டர்நெட்டும் சேர்ந்து போயின. லேப்டாப்பில் முதல் பக்கம் தயார், போக வழியில்லை. வீட்டில் சிக்னல் இருந்தது ஒரே ஒரு போனில், அது மாமியாருடையது. அதில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தை, அவசரம். ஹாட்ஸ்பாட் குடுங்க."

"ரெண்டு நிமிசம் இருங்க மாப்ள, இப்பத்தான் அவ உண்மையைச் சொல்லப் போறா."

மதுரையிலிருந்து தலைமைத் துணையாசிரியர், அதாவது சீஃப் சப், பேசினார். "அண்ணே, பிளேட்டு போடணும். மெசினு நிக்கிது."

"அவ உண்மையைச் சொல்லட்டும், அனுப்பிடுறேன்."

"எவண்ணே? அந்தச் செய்தி நம்மகிட்ட இல்லையே! தனியா வருதா?"

அவள் உண்மையைச் சொல்லவில்லை. மயங்கி விழுந்தாள், தொடரும் போட்டார்கள், பக்கம் போனது.

இவ்வளவுக்கும் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். 2018-ல் இந்த மலையில் குறிஞ்சி பூத்தபோது அவர் மதுரையில் இருந்தார். முதல் பக்கத்தில் ஆறு காலத்துக்குக் குறிஞ்சிச் சரிவைப் போட்டு வைத்தார். விளம்பரம் வந்தது, படம் இரண்டு காலமாகச் சுருங்கியது. செய்தித்தாள் காகிதமும் நாலு மையும் சேர்ந்து அந்த நீலத்தைத் தாங்காமல், பூவெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் விழுந்தது. பன்னிரண்டு வருஷம் பொறுத்தால் அடுத்தது 2030. இந்த முறை வீட்டு வாசலிலேயே பூக்கப்போகிறது. நிறத்துக்கு எவ்வளவு நீலம், எவ்வளவு சிவப்பு என்று இப்போதே சோதனை போட்டு, பக்கத்தையும் வரைந்து வைத்துவிட்டார். ஆறு காலம் படம், மேலே ஒரு வரி, 'கொடைக்கானலில்' என்று முழுசாக அடிக்க இடம் விட்டு.

போன வாரம் சீஃப் சப்புக்கு அனுப்பிக் கேட்டிருக்கிறார். நல்ல மனுஷன், உடனே பதில் போட்டாராம்.

"பிரமாதம்ணே. கண்டிப்பாப் போடுவோம். எந்த மாசம் பூக்கும்னு மட்டும் சொல்லுங்க, ஆடித் தள்ளுபடியோட மோதாமப் பாத்துக்கலாம்."