உள்தாழ்ப்பாள்

1993-இல் எங்கள் ஊர் ரோட்டரி சங்கம் பெண்கள் பள்ளி ஒன்றுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தது. அதன் வரவுசெலவு முழுவதும் ஒரே தாளில் அடங்கிவிட்டது. என் அச்சகத்தில் நோட்டீஸ் வெட்டியபோது மீந்த கால் தாள் அது. சிமென்ட் கடைக்காரர் உபயம், செங்கல் சூளைக்காரர் உபயம், கதவு நான்கும் ரொக்கத்துக்கு, கொத்தனார் கூலி பாதி. மீதிக் கூலியை மேஸ்திரி வாங்க மறுத்துவிட்டார். "எம் மக படிக்கிற எடம் மொதலாளி, அதுக்குப் போய் முழுக் கூலி வாங்குனா நல்லாயிருக்குமா?" என்றார். அந்த வருஷம் நான் சங்கத்தின் பொருளாளர். தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, ரசீது புத்தகத்துக்குள் செருகி வைத்தேன். யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

அப்போதெல்லாம் ஒரு வேலை தொடங்குவதற்கு ஒரு வியாழக்கிழமை போதும். வாரக் கூட்டத்தில் தலைவர் எழுந்து விஷயத்தைச் சொல்வார். கைகள் உயரும். மறுநாள் சாயங்காலம் மூன்று பேர் ரசீது புத்தகத்தோடு பஜாரில் இறங்குவோம். ஜவுளிக் கடை, பாத்திரக் கடை, பருத்தி மண்டி, அரிசி ஆலை என்று ஏறி இறங்கி, இரவு எட்டு மணிக்கு என் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் மேசைமேல் பணத்தைக் கொட்டி எண்ணுவோம். பத்து ரூபாய் கொடுத்தவர்கூட, "கட்டடம் எந்த மட்டுக்கு வந்திருக்கு?" என்று மறுவாரம் வழியில் நிறுத்திக் கேட்பார். அந்த மாலை நேரங்களை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு சுவரை எழுப்புகிறது என்ற நிறைவு அதில் இருந்தது.

திறப்பு விழாவுக்கு ரோட்டரி மாவட்ட ஆளுநர் வந்தார். கல்வெட்டில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பெயர்கள். ஏறக்குறைய மூன்று வருஷம் கழித்து நோட்டுப் புத்தகம் கொடுக்க அதே பள்ளிக்குப் போனேன். கழிப்பறை பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே உடைந்த பெஞ்சுகள். ஆயாம்மாவைக் கேட்டேன். "கொழாயே இல்லையே சார். கொடத்துல சொமந்து ஊத்த நான் ஒருத்திதான இருக்கேன்" என்றார். சங்கத்தில் வந்து சொன்னேன். எல்லோரும் வருத்தப்பட்டோம். பிறகு அடுத்த ஜூலை வந்தது, புதுத் தலைவர் வந்தார், புது வேலை வந்தது.

எங்கள் ஊருக்கு இப்படி ஒரு பழக்கம் இருக்க, ரோட்டரி அறக்கட்டளை என்ற பெரிய ஏற்பாடு இன்னொரு பக்கம் இயங்கிக்கொண்டிருந்தது. 1917-இல் ஆர்ச் கிளம்ப் என்ற தலைவர் உலகத்தில் நன்மை செய்ய ஒரு நிதி வேண்டும் என்று பேசினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி சங்கம் அதற்கு முதல் நன்கொடை கொடுத்தது. தொகை 26 டாலர் 50 சென்ட். அதிலிருந்து வளர்ந்த நிதி அது. 1965-இலேயே இணை மானியம் என்ற திட்டம் வந்துவிட்டது. ஒரு நாட்டுச் சங்கமும் இன்னொரு நாட்டுச் சங்கமும் சேர்ந்து பணம் போட்டால், அறக்கட்டளையும் தன் பங்குக்குப் போடும். நாங்கள் அந்தப் பக்கமே போனதில்லை. படிவம் ஆங்கிலத்தில் இருக்கும் என்பது ஒரு காரணம். பஜார் இருக்கும்போது படிவம் எதற்கு என்பதுதான் உண்மையான காரணம்.

2013 ஜூலையில் மானிய முறையே மாறியது. இனி பெரும்பாலும் இரண்டே வகை: மாவட்ட மானியம், உலகளாவிய மானியம். இரண்டாவதற்கு மொத்தத் திட்டச் செலவு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். அதற்குச் சங்கம் முதலில் தகுதி பெற வேண்டும். வருஷாவருஷம் ஓர் உறுப்பினராவது மானிய மேலாண்மைப் பயிலரங்குக்குப் போய்வர வேண்டும். இந்த வருஷத் தலைவரும் அடுத்த வருஷத் தலைவரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். உலகளாவிய மானியம் என்றால் தனி வங்கிக் கணக்கு வேண்டும், காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஆவணங்களைக் குறைந்தது ஐந்து வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். பயிலரங்குக்கு எங்கள் சங்கம் என்னை அனுப்பியது. நாள் முழுக்கக் குறிப்பெடுத்துவிட்டு ஊர் திரும்பும் பஸ்ஸில் எனக்கு மனம் கசந்து கிடந்தது. நம்மை நம்பவில்லை, அதனால்தான் இத்தனை காகிதம் என்று தோன்றியது.

அந்தக் கசப்பைக் கரைத்தது படிவத்தில் இருந்த ஒரே ஒரு பகுதி. சமுதாயத் தேவை மதிப்பீடு. நீங்கள் உதவப் போகும் மக்களிடம் கேட்டீர்களா, யாரிடம் கேட்டீர்கள், எப்படிக் கேட்டீர்கள், அவர்கள் சொன்னது என்ன? 2017-இல் அதே பள்ளிக்கு மறுபடி கழிப்பறை என்று முடிவெடுத்தபோது அந்தக் கேள்விகளின் முன்னால் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இருபத்துச் சொச்சம் வருஷம் சேவை செய்திருக்கிறேன். ஒரு மாணவியிடம்கூட எதையும் கேட்டதில்லை.

ஆண்கள் நாங்கள் போய்க் கேட்டால் அந்தப் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். எங்கள் சங்கத்தில் ஒரு பெண் மருத்துவர் இருக்கிறார். 1989 வரை பெண்களைச் சேர்க்க ரோட்டரியின் விதியே இடம் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் அதற்கப்புறமும் ரொம்ப நாள் ஆனது. மருத்துவர் போனார். நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொன்னாராம். சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு எடுத்துவந்தார். அன்று ராத்திரி அச்சகத்தில், பழையபடி அதே மேசைமேல் அவற்றைக் கொட்டினோம்.

தண்ணீர்தான் முதலில் வரும் என்று நினைத்திருந்தேன். சீட்டுக்குச் சீட்டு திரும்பத் திரும்ப வந்தது வேறு: "உள்ளே தாழ்ப்பாள் வேண்டும்." 1993-இல் நாங்கள் வைத்த கதவுகளில் வெளியே மட்டும் கொண்டி இருந்தது. பொருள் திருட்டுப் போகக் கூடாது, பூட்டுப் போட வசதியாக இருக்கட்டும் என்று அந்தக் கொண்டிகளைக் கடையில் பொறுக்கி வாங்கியவன் நான். உள்ளே தாழ்ப்பாள் வைக்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீர் தூக்க ஆள் இல்லாமல் பள்ளி அதைப் பூட்டியது பிறகு நடந்தது. அதற்கு முன்பே பிள்ளைகள் உள்ளே போவதை விட்டுவிட்டிருந்தார்கள். "காலையில் இருந்து தண்ணீர் குடிக்க மாட்டோம்" என்று சில சீட்டுகள். "அந்த நாட்களில் பள்ளிக்கு வர மாட்டேன்" என்று சில. நாப்கின் போட மூடிபோட்ட வாளி கேட்டு நிறையச் சீட்டுகள். மருத்துவர் ஒவ்வொன்றாக வாசித்தார். யாரும் பேசவில்லை.

படிவத்தின் மேல் எனக்கிருந்த கோபம் அன்றோடு போயிற்று. பிள்ளைகளிடம் போய்க் கேள் என்று என்னை அனுப்பியது அந்தக் காகிதம்தான்.

ஆனால் ஒரு பள்ளிக்கு 30,000 டாலர் தேவைப்படாது. அன்றைய மதிப்பில் அது கிட்டத்தட்ட 20 லட்ச ரூபாய். எனவே பக்கத்துக் கிராமங்களில் இன்னும் ஐந்து பள்ளிகளைச் சேர்த்தோம். அங்கேயும் வாளியும் சீட்டும் போயின. வெளிநாட்டுக் கூட்டாளிச் சங்கம் ஒன்றைத் தேடிக் கடிதம் எழுதி எழுதி எட்டு மாதம் போனது. மாவட்டத்தின் ஒதுக்கீட்டு நிதியைக் கேட்டு வாங்கினோம். அந்த நிதியின் கதை எனக்குப் பிடிக்கும். உறுப்பினர்கள் ஆண்டு நிதிக்குக் கொடுக்கும் பணம் மூன்று வருஷம் முதலீட்டில் இருந்து, அதில் ஏறக்குறைய பாதி அந்த மாவட்டத்துக்கே திரும்பி வருகிறது. 2015-இல் கொடுத்தவருக்குத் தன் பணம் 2018-இல் எந்தப் பள்ளியின் குழாயாக மாறும் என்று தெரியாது. அந்த ஒதுக்கீட்டுக்கு அறக்கட்டளையின் உலக நிதி அப்போது நூற்றுக்கு நூறு ஈடு கொடுத்தது. 2020 ஜூலையிலிருந்து அது எண்பதாகக் குறைந்திருக்கிறது. அதே ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்திலும் திருத்தம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் பதிந்த அமைப்புக்கு வெளிநாட்டுப் பணம் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும் என்றானது. இன்று இந்த வேலையைத் தொடங்கும் சங்கம் கணக்குத் தெரிந்த ஒருவரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மானியம் வந்த பிறகு எனக்கு வலித்த இடம் ஒன்று உண்டு. கொள்முதலுக்கு ஒப்பீட்டு விலைப்புள்ளிகள் வேண்டும் என்பதால் மூன்று பேரிடம் வாங்கினோம். ஜிஎஸ்டி எண்ணோடு பில் கொடுக்கக்கூடிய ஒப்பந்தக்காரர்தான் விலைப்புள்ளி தர முடியும். பாதிக் கூலியை விட்டுக்கொடுத்த மேஸ்திரியிடம் பில்லும் இல்லை, எண்ணும் இல்லை. "நான் ஒண்ணும் பெருசா கேக்க மாட்டேனே மொதலாளி" என்று அவர் வந்து நின்றார். விதியை எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். இந்த விதி சரியானது என்று இன்றும் நம்புகிறேன். ஊர்ப் பொதுப்பணத்தில் தனக்கு வேண்டியவருக்கு வேலை கொடுப்பது எவ்வளவு எளிது என்று பார்த்தவன் நான். சுகாதாரக் கையேடு அச்சடிக்க வேண்டியிருந்தபோது, மானியக் குழுவில் இருந்ததால் என் அச்சகத்தை நானே விலக்கிக்கொண்டேன். வேலை வேறு ஊருக்குப் போனது. ஆனாலும் அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டு போனது மறக்கவில்லை.

இன்னொரு வருத்தமும் சொல்ல வேண்டும். இப்போதைய இளம் உறுப்பினர்கள் விண்ணப்பத்தை இணையத்தில் இரண்டே ராத்திரியில் நிரப்பிவிடுகிறார்கள். எனக்கு அது வராது, அவர்களை மெச்சுகிறேன். ஆனால் பஜாரில் இறங்கி யாரும் நடப்பதில்லை. பாத்திரக் கடைக்காரரின் மகன், "நீங்க இப்பல்லாம் வர்றதே இல்லையே அண்ணாச்சி" என்கிறார். பெரிய தொகைக்குத் தக்கபடி வேலையைத் தேடும் பழக்கமும் வந்துவிட்டது. இயந்திரம் ஒன்று வாங்கினால் ஒரே பில், ஒரே புகைப்படம், அறிக்கை எழுதுவதும் சுலபம். ஆறு பள்ளிகளில் கைகழுவும் பழக்கத்தைக் கொண்டுவருவதற்கு அப்படி ஒரு பில் கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் மாவட்ட மானியத்தில் கை பழகுங்கள் என்பதுதான். சின்னத் தொகை, பக்கத்துத் தெரு. தப்பு நடந்தாலும் உடனே கண்ணில் படும், திருத்திக்கொள்ளலாம்.

2019-இல் ஆறு பள்ளிகளிலும் வேலை முடிந்தது. ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத் தொட்டி, குழாய், மூடிய வாளி, ஒவ்வொரு கதவிலும் உள்தாழ்ப்பாள். ஒவ்வொரு பள்ளியிலும் மேலாண்மைக் குழுவோடு பேசிப் பராமரிப்புக்கு ஒரு சிறு நிதி. முடிந்த இரண்டு மாதத்துக்குள் இறுதி அறிக்கை போனது. கோப்பு மூன்று கட்டாகப் பிரிந்து என் அச்சக அலமாரியில் ஏறியது. சீட்டுகளையும் அதிலேயே வைத்திருக்கிறேன்.

போன வருஷம் பள்ளியிலிருந்து போன் வந்தது. பழைய ஆயாம்மாவின் மகள்தான் இப்போது அங்கே வேலை பார்க்கிறார். கழிவுத் தொட்டியின் மூடி உடைந்துவிட்டது, பிள்ளைகள் யாரும் விழுந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்றார். ஒப்பந்தக்காரருக்குப் போட்டேன். மதுரையில் பெரிய வேலை ஓடுகிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். மேஸ்திரிக்குப் போட்டேன். அரைமணி நேரத்தில் பழைய சைக்கிளில் கரண்டியோடு வந்து நின்றார்.

ஆபத்தான இடத்தைக் கயிறு கட்டி மறித்தார். கம்பி கட்டிப் புது மூடி வார்த்தார். அது காய்வதற்குள் ஒவ்வொரு கதவாகப் போய்த் தாழ்ப்பாளை இழுத்து விட்டு இழுத்து விட்டுப் பார்த்தார். ஆறாவது கதவில் தாழ்ப்பாள் இறுகியிருந்தது. ஆயாம்மா மகளிடம் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கேட்டு வாங்கி அதில் விட்டார்.

பராமரிப்பு நிதியிலிருந்து கூலியை எடுத்து வவுச்சரோடு நீட்டினேன். முழுக் கூலி.

"எதுக்கு மொதலாளி இதெல்லாம்? இப்ப எம் பேத்தில்லா இங்க படிக்கிறா."

"கணக்குக்கு வேணும் மேஸ்திரி. வாங்கிக்கிடுங்க."

பணத்தை எண்ணாமல் சட்டைப் பைக்குள் வைத்தார். என் பேனாவை வாங்கி, சைக்கிள் சீட்டின்மேல் வவுச்சரை வைத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டதையும் போடணுமா?"

"போடுவோம்" என்றேன்.